தெற்கு ஓடையில் நின்ற ஆள்

இது நடந்தது. கதை கட்டவில்லை. கட்டுவதாக இருந்தால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று வசதியாக வைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு நடந்ததோ மே மாதம், உச்சி வெயிலில், மரக்காணம் உப்பளத்தில். அதனால்தான் யாரிடம் சொன்னாலும், வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குடியிருப்பின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

என் பெயர் ஷாலினி. ஒரு சர்வே கம்பெனியில் வேலை. ஓர் ஆறு எங்கே தொடங்குகிறது, எந்த ஓடைகள் அதில் சேர்கின்றன, எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று அளந்து வரைபடம் போட வேண்டும். அது பெரிய ஆறுகூட இல்லை. மேற்கே ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் வடக்கு ஓடையாக வருகிறது. செம்மண் மேட்டில் பெய்யும் மழை தெற்கு ஓடையாக இறங்குகிறது. இரண்டும் உப்பங்கழியில் சேர்ந்து, முகத்துவாரம் வழியாகக் கடலில் விழ வேண்டும். வடக்கு ஓடை தொந்தரவு தரவில்லை. தெற்கு ஓடை ஈசிஆர் சாலைப் பாலம் வரை ஒழுங்காக வந்தது. பாலத்தைத் தாண்டினால் காணவில்லை. உப்பளம்தான் இருந்தது.

இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். என் மேலதிகாரி சக்கரபாணி ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டைப் பாடினார்.

"ஓடை பாதியில செத்துப் போவுமா? லைன் எங்கயாவது போய்ச் சேரணும் ஷாலினி. திரும்பப் போ."

அந்தக் கோடு எங்கே போய்ச் சேரும் என்பதுதான் பிரச்சினையே. உப்பளத்துக்கும் கழிக்கும் நடுவில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. எல்லாம் உப்பளக் கூலிக் குடும்பங்கள். பட்டா கேட்டு வருஷக்கணக்காக அலைகிறார்கள். எங்கள் வரைபடத்தில் ஓடை அந்த வீடுகள் வழியாகப் போனால், அது நீர்நிலைப் புறம்போக்கு. பட்டா கிடையாது. வீடும் கிடையாது.

கடைசி வீடு அமராவதியம்மாவுடையது. உப்பு வாருகிறவர். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"கண்ணு, அந்தக் கோட்டை எங்க பக்கம் கொண்டாந்துடாத. ஓடைன்னு எழுதிட்டீங்கன்னா புல்டோசர்தான் வரும்."

"நானா எதையும் போட முடியாதுங்க. தண்ணி போன எடத்தைத்தான் வரைவேன்."

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இங்க ஓடைன்னு ஒண்ணைப் பாத்ததில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வந்த தண்ணீர் எங்கேயாவது போயிருக்க வேண்டுமே. எனக்குத் தலை வெடித்தது.

மூன்றாவது முறை போன அன்று எல்லாமே கோணல். கம்பெனி கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. உப்பள வேலை விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். எல்லோரும் கரையேறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இப்பவா இறங்குற? இந்நேரத்துக்குப் பாத்தியில யாரும் நிக்க மாட்டோம்" என்றார் அமராவதியம்மா.

"ஏங்க?"

"கண்ணு போயிடும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வெள்ளையைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

எங்கள் வேலை இப்படி. மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை வைத்து நான் நிற்பேன். தூரத்தில் ஒருவர் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பின் உச்சியில் பிரிசம் என்கிற கண்ணாடி. கருவியின் தொலைநோக்கியில் அதைப் பார்த்துப் பட்டனை அழுத்தினால், அவர் காலடி நிலம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று பதிவாகும். பீப் என்று சத்தம் வரும். நான் சிவப்புத் துணியை ஆட்டினால் அவர் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

கம்பு பிடிக்க வந்தவர் முருகையன். உள்ளூர்க்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் அரை மணிக்கு ஒரு டீ வேண்டும். ஒரு கையில் கம்பு, மறு கையில் செல்போன். கம்பு ஒரு நாளும் நேராக நின்றதில்லை.

நான் பாலத்தடியில் கருவியை வைத்தேன். 12.10க்கு முதல் புள்ளி எடுத்தோம். நாலைந்து புள்ளி முடிந்ததும் முருகையன் ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் போனார். வரவில்லை. கூப்பிட்டேன். போன் அடித்தேன். எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

12.25. குவியலுக்கு அந்தப் பக்கம் கம்பு தெரிந்தது. அப்பாடா என்று கண்ணை வைத்தேன்.

கம்பு நேராக நின்றது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். இன்றைக்குத்தான் இந்த மனிதர் உருப்படியாக வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அழுத்தினேன். பீப்.

துணியை ஆட்டுவதற்குள் அவரே நகர்ந்தார். அடுத்த இடம். பீப். அடுத்த இடம். பீப். வரப்பில் நடக்கவில்லை. உப்புப் பாத்திகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனார். பாத்தியை மிதித்தால் குத்தகைக்காரர் கத்துவாரே என்று பயந்தேன். ஆனால் வேலை ஓடியது. நான் தடுக்கவில்லை.

12.40. அவருடைய முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை.

கானல் என்று நினைத்தேன். அந்த வெயிலில் எல்லாமே அலையும்.

பீப்.

12.46. இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

அங்கே பள்ளம் இல்லை. அது எனக்குத் தெரியும். இரண்டு முறை நடந்த இடம். பலகை போலத் தட்டையான பாத்தி.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

சளப்... சளப்...

தண்ணீரில் நடக்கிற சத்தம். அவர் இருப்பது அரை கிலோமீட்டர் தூரத்தில். சத்தம் என் காதுக்குப் பக்கத்தில்.

பீப்.

12.52. நெஞ்சு வரை மறைந்துவிட்டது. கம்பை மேலே தூக்கிப் பிடித்திருந்தார். வீடுகளை நெருங்கிவிட்டார்.

என் கை பட்டனில் இல்லை.

பீப்.

கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பீப்.

12.58. அமராவதியம்மா வீட்டுக் கொல்லை. தலை மட்டும் தெரிந்தது. தலையும் கம்பும்.

தலை மெதுவாகத் திரும்பியது...

முகம் ஈரமாக இருந்தது. வாய் திறந்திருந்தது.

அது முருகையன் இல்லை.

"மேடம், டீ."

என் முதுகுக்குப் பின்னால் குரல். கத்திவிட்டேன். முருகையன் நின்றிருந்தார். ஒரு கையில் டீ. தோளில் கம்பு. உச்சியில் பிரிசம்.

"எங்கண்ணே போயிருந்தீங்க?"

"டீக்கடைக்குத்தான். எதிர்ல ஆளுங்க இருந்தாங்க, பேசிக்கினு இருந்துட்டேன்."

"கம்பு?"

"கையிலதானே இருக்குது மேடம். இதை வுட்டுட்டுப் போனா நீங்க திட்டுவீங்களே."

திரும்பித் தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளை. வேறு எதுவும் இல்லை. வரப்பில் நடந்து பாத்தி பாத்தியாகப் பார்த்தோம். மேலே படிந்த உப்பு ஆடை ஓரிடத்தில்கூட உடையவில்லை.

அன்று மாலை புள்ளிகளைக் கணினியில் ஏற்றினேன். அழகான ஓடை. பாலத்திலிருந்து வளைந்து, வீடுகளுக்கு அடியில் புகுந்து, கழியை நோக்கிச் சரிவாக இறங்கியது. ஆற்றுப் படுகைக்கு இருக்க வேண்டிய அதே சரிவு. தொடக்கத்தில் புள்ளிகள் உப்பளத் தரைக்கு ஒன்றரை அடி கீழே. பிறகு மூன்றடி. கடைசியில் ஓர் ஆள் உயரம்.

அந்த ஆள் நம் தரையில் நடக்கவில்லை.

சக்கரபாணி பார்த்துவிட்டுச் சிரித்தார். "தரைக்குக் கீழ ஆள் எப்படிம்மா நிப்பான்? சூட்டுல கருவி உளறியிருக்குது. டெலிட் பண்ணு."

"பிரிசம் இல்லாம ரீடிங் எப்படி சார் வரும்?"

"டெலிட் பண்ணுன்னேன்."

எவ்வளவோ வாதாடினேன். யார் கேட்கிறார்கள்? தெற்கு ஓடை உப்பளத்தில் மறைகிறது என்று ஒரு வரி எழுதி அவரே வரைபடத்தை முடித்து அனுப்பிவிட்டார். இதையே முதல் நாள் செய்திருக்கலாம். என்னை ஏன் மூன்று முறை வெயிலில் காயவிட்டார்?

ஆனால் ஒரு நிம்மதி இருந்தது. அமராவதியம்மாவின் வீடு தப்பியது.

மழைக்காலம் முடிந்தபின் அவரே போன் செய்தார்.

"பட்டா வந்துடுச்சு கண்ணு. எல்லாருக்கும்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கொல்லையில உறைக்கிணறு தோண்டினோம். இந்த உப்புல என்னா வரப்போவுதுன்னுதான் நெனச்சோம். ஆள் ஒசரம் தோண்டினதும் ஆத்து மணலு. நல்ல தண்ணி."

அவர் குரல் தணிந்தது.

"மணல்ல ஒரு ஆளு இருந்தாரு. எலும்பாத்தான். நின்ன வாக்குல. மேல சுத்திக்கினு நீளமா இரும்புச் சங்கிலி. ரெண்டு முனையிலயும் பித்தளைப் புடி."

எனக்கு அது என்னவென்று தெரியும். இந்தக் கருவிகள் வருவதற்கு முன்னால் நிலத்தை அளந்த சங்கிலி. அந்தக் காலத்தில் என் வேலையைச் செய்தவர்கள் தோளில் சுமந்து போனது.

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னா தோண்டிப் பாப்பாங்க. ஓடைன்னு தெரிஞ்சுடும். பட்டா போயிடும். அப்படியே வுட்டு மேல சிமெண்டு உறைய இறக்கிட்டோம். நீயும் வாயத் தொறக்காத கண்ணு."

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்.

"பின்சுவரு விரிசல் வுட்டிருக்குது. மத்தியானத்துல படுத்தா தரைக்குக் கீழ நடக்கிற சத்தம் கேக்குது. முன்ன கொல்லையில கேட்டுச்சு. இப்ப நடு வூட்டுல கேக்குது."

"அங்க இருக்காதீங்கம்மா. இன்னைக்கே கெளம்புங்க."

"பட்டா வந்த வூடு கண்ணு. இதை வுட்டுட்டு எங்க போறது?"