வாள் கேமும் ராஜா கேமும்: திரைக்குப் பின்னாலிருந்து

வீடியோ கேம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நம் கடையில் பகல் முழுக்க ஆட்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள், செத்தவர்கள் எல்லாம் எழுந்து டீ குடிக்கப் போவார்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் நம் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். ஆனால் வீட்டு முன்னறையைக் கடையாக்கிவிட்டு, ஒரு காதை அடுப்பிலும் ஒரு காதை வாசலிலும் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் நிறைய இருப்பீர்கள். இட்லிக் கடையோ தையல் மிஷினோ, பாடு ஒன்றுதான். உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர், பாப்பாவின் அப்பா, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது இந்த வீடியோ கேம் பெட்டியையும் அதில் செருகி ஆடுகிற சில கேசட்டுகளையும் கொண்டுவந்தார். அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, முன்னறையில் டி.வி.யை வைத்து, நடுவில் ஒரு திரையைக் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் கடை. இந்தப் பக்கம் நானும் தூளியில் பாப்பாவும்.

பூலாம்பாடியிலிருந்து என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், வந்து பார்த்தார். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் ஆம்பிளைகள் வந்து உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஒரு சத்தம், ஒரு சண்டைன்னு என் காதுக்கு வந்துச்சு, பெட்டியைத் தூக்கி வித்துட்டு உங்க ரெண்டு பேரையும் பூலாம்பாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் அவருக்கு வேண்டியவர். அதனால் எல்லாம் காதுக்குப் போகும். பூலாம்பாடி வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பாப்பாவுக்குப் பால் ஆற்றுவதற்குக்கூட யாரையாவது கேட்டுவிட்டுத்தான் ஆற்ற வேண்டும். இங்கே நான் யாரையும் கேட்பதில்லை. அது போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

பாப்பாகிட்டச் சொல்லு

வெளி ஆம்பிளைகளிடம் நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் காசு அரைமணிக்குத்தான், டைம்பீஸ் அடித்ததும் ஆளை எழுப்பியாக வேண்டுமே? அதற்குப் பாப்பாதான் எனக்குத் துணை. திரைக்குப் பின்னால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பாப்பா, மாமாவை எந்திரிக்கச் சொல்லு, நேரமாயிடுச்சு” என்பேன். பாப்பாவுக்கு அப்போது ‘ம்மா’வும் ‘காக்கா’வும்தான் வரும். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும். “பாப்பா, அம்மாட்ட சொல்லு, இன்னும் ஒரே ஒரு உசுருதான் இருக்கு.”

இதில் கெட்டிக்காரர் ராசேந்திரன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். சுரங்கத்தில் லோடுக்கு வரிசை நீளமாக இருந்தால் கிளீனரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு இங்கே வந்துவிடுவார். அவர் வந்தால் முன்னறைத் தரையெல்லாம் வெள்ளையாகக் காலடி விழும். ஒருநாள் டைம்பீஸ் அடித்து ஓய்ந்தது. பாப்பா தூளியில் நல்ல தூக்கம். யாரிடம் சொல்வது? நான் வளையலை ஆட்டிப் பார்த்தேன், தொண்டையைச் செருமிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வாள் வீசுகிற சத்தம் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ராசேந்திரன் மெல்லிய குரலில் கேட்டார்: “பாப்பா தூங்கிட்டா போலருக்கு. அப்ப நான் எந்திரிக்க வேணாம்ல?”

புரியாத ஊர்

கார் கேம், டாங்கி கேம், குதிக்கிற கேம் எல்லாம் இருந்தாலும் பெரிய ஆட்கள் கேட்டு வாங்கி ஆடியது இரண்டைத்தான். ஒன்றில் ஒரு பையன் வாளை எடுத்துக்கொண்டு காடு, குகை என்று ஓடி ஓடி வெட்டுவான். அதற்கு வாள் கேம் என்று பேர் வைத்தோம். இன்னொன்றில் ஒரு பையன் அரண்மனையில் ராஜாவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவான். ஊர் ஊராகப் போய், எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் பேசி, கடையில் கத்தி கேடயம் வாங்கி, வழியில் பூதங்களோடு மோதி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏறுவான். அது ராஜா கேம். திரைக்குப் பின்னால் இருந்தே சத்தத்தை வைத்து எது என்று சொல்லிவிடுவேன். வாள் கேமில் பொத்தானைப் படபடவென்று தட்டுவார்கள். ராஜா கேமில் ஒரு தட்டு, ஒரு பெருமூச்சு, பிறகு இன்னொரு தட்டு.

ராஜா கேமில் வருகிற எழுத்து முழுக்க ஜப்பான்காரன் எழுத்து. ஒருவருக்கும் புரியாது. காலேஜில் பி.ஏ. படிக்கிற பாஸ்கர் மட்டும் விடாமல் அதையே ஆடுவான். கட்டத்தில் மேலே இருந்து மூன்றாவது வரியை அமுக்கினால் கதவு திறக்கும், கீழ்வரியை அமுக்கினால் காயம் ஆறும் என்று ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், அவனும் ராசேந்திரனும். ஒருநாள் ராசேந்திரன் அவனைச் சீண்டினார்: “ஏன்டா, ஒரு எழுத்தும் தெரியாம அந்தக் கெழவிகிட்டப் போயி அப்படி என்னாடா பேசுற?” பாஸ்கர் சிரிக்கவில்லை. “புரியலண்ணே. ஆனா இந்த ஊருலதான் எல்லாரும் நான் கிட்டப் போனதும் நின்னு, என் பக்கம் திரும்பிப் பேசுறாங்க.”

எது கதை கேம்?

இரண்டும் ஒரே சாதியா, வேறு வேறா என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். சத்தமில்லாத சண்டை, அதனால் நான் பயப்படவில்லை. இரண்டிலும் வாள் இருக்கிறது, பூதம் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, ஆகவே இரண்டும் கதை கேம்தான் என்பான் பாஸ்கர். ராசேந்திரன் ஒத்துக்கொள்ள மாட்டார். “வாளு இருந்தாப் போதுமாடா? வாள் கேம்ல அடிக்கிற வேகம் என்னுது. நான் அசந்தா அவன் செத்தான். ராசா கேம்ல பலம் அவனுது. நான் ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து தூங்கி விழுந்தாலும் அவன் நேத்து சம்பாதிச்ச பலம் நேத்து மாதிரியே இருக்கும்.”

இந்தச் சண்டை நடந்த ஒருநாள் விக்கிரமங்கலத்துக் கலியமூர்த்தி வந்திருந்தார். விவசாயம்தான் வேலை. கோடையில் கூத்துக்கு வேஷம் கட்டுவார். டவுனுக்கு வந்தால் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கடையில் நின்று வேடிக்கை பார்ப்பார், பெட்டியைத் தொட மாட்டார். அவர் ரொம்ப நேரம் ராஜா கேமையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் அடிவாங்கிய பையன், இப்போது கேடயமும் கவசமுமாக அதே எல்லையைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எங்க கூத்துல ராசா வேஷம் கட்டுனவன் விடியிற வரைக்கும் ராசா, சேவகன் வேஷம் கட்டுனவன் விடியிற வரைக்கும் சேவகன். சேவகனா உள்ள வந்து ராசாவா வெளிய போற வேஷத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

மூன்றாவது கை

ராஜா கேம் கேசட்டில் மூன்று பேர் இருக்க இடம் உண்டு. ஒரு இடம் ராசேந்திரனின் ஆள், ஒன்று பாஸ்கரின் ஆள், மூன்றாவது வந்தவர் போனவருக்கு. எழுவதற்கு முன்னால் அரண்மனைக்குப் போய் ராஜாவிடம் சொல்லிவிட்டால், அவர் நம் ஆளை அப்படியே வைத்துக்கொள்வார், மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அதோடு முடியவில்லை. பெட்டியை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்க வேண்டும். சும்மா அணைத்தால் உள்ளே இருக்கிற ஆட்கள் அழிந்துபோனாலும் போவார்கள் என்று பாப்பாவின் அப்பா பலமுறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் அணைக்கிற வேலை மட்டும் என்னுடையது. ஆட்களை வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு வருவேன்.

இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குக் கை இரண்டு என்பது பேச்சுக்குத்தான். ஒரு கை பிள்ளைக்கு, ஒரு கை ரீசெட்டுக்கு, பவருக்கு எங்கே போவது? முழங்கையால் அணைப்பேன். பாப்பாவோ பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்டால் பாய்வாள். நான் அணைத்து முடிக்கும்வரை ராசேந்திரனும் பாஸ்கரும் வாசலில் திரும்பி நின்றுகொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ராசேந்திரன் தெருவைப் பார்த்தபடியே சொல்வார்: “பாப்பா, உன் அம்மா முழங்கையிலதான் எங்க ரெண்டு பேரு உசுரும் இருக்கு, ஆடாம இரு தாயி.”

பிளக்கைப் பிடுங்கிய நாள்

நம் ஊர் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று பல்பு மஞ்சளாகச் சுருங்கும், திடீரென்று வெள்ளையாக எரியும். வெள்ளையாக எரிந்தால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் டி.வி. பிளக்கைப் பிடுங்குவோம். அன்று மத்தியானம் பாஸ்கர் ஆடிக்கொண்டிருந்தான். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பல்பு பளீரென்று எரிந்தது. டி.வி. போய்விடுமே, அக்கா என்ன பண்ணும் என்று பயந்து பாஸ்கர் டி.வி.யோடு பெட்டியின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான். டி.வி. தப்பித்தது. கரண்டு சரியானதும் போட்டுப் பார்த்தால் மூன்று இடமும் காலி.

அந்த நேரத்திலா ராசேந்திரன் வர வேண்டும்? இரண்டு நாள் தூக்கமில்லாத கண். ஆள் இல்லாத கட்டத்தைப் பார்த்தார். கடைசிக் கோட்டைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருந்த ஆள் அது. லாரியும் அவருடையது இல்லை, கல்லும் அவருடையது இல்லை, அந்த ஒரு ஆள்தான் அவருடையவன் என்பதுபோல இருந்தார். பிறகு பாஸ்கரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். “உன் ஆளு தோத்துப் போறான்னுதானடா பிடுங்கின?” வாசலில் கூட்டம் சேர்ந்தது. சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வருவது திரையின் இடுக்கில் தெரிந்தது. அவ்வளவுதான், பூலாம்பாடி என்று நினைத்துக்கொண்டேன். தூளியைப் பார்த்தேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஈரக் கையோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன். “சட்டையை விடுங்கண்ணே” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. “எங்க வூட்டு டி.வி. எரிஞ்சுடக் கூடாதுன்னுதான் தம்பி பிடுங்குச்சு. அதோட ஆளும்தான் போச்சு, பாருங்க. எந்த ஊருக்கு எந்த வழி, எந்தக் குகையில என்ன இருக்கு, எல்லாம் உங்களுக்குத் தெரியும்ல? அந்த ஆளுதான் போனான். அவனை வளத்த நீங்க போகலையே.” ராசேந்திரன் கையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், திரைக்கு அந்தப் பக்கம் அசைகிற தூளியைப் பார்த்துச் சொன்னார்: “பாப்பா, எந்திரிச்சதும் அம்மாட்ட சொல்லிடு, மாமா மொதல்லேருந்து ஆரம்பிக்கிறாருன்னு.”

சாக்கு

அடுத்த வாரம் மூத்தார் வந்தார். கையில் ஒரு சாக்கும் கயிறும். பெட்டியைக் கட்டிக்கொண்டு போகத்தான் என்று சாக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சண்டையைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. “ரோட்டுல போறவன் எல்லாம் கேக்குற மாதிரி ஆம்பளைங்ககிட்டப் பேசினியாமே?” என்றார். மூத்தாரிடமும் நான் நேராகப் பேசியதில்லை. வழக்கம்போலப் பாப்பாவை இழுத்து முன்னால் வைத்துக்கொள்ளத்தான் கை போனது. ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து ராசேந்திரன் மாமாவின் வெள்ளைக் காலடியை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள். “பேசினேன். பேசலேன்னா அன்னைக்கு ஒருத்தருக்கு மண்டை உடைஞ்சிருக்கும்” என்றேன். திரைக்குப் பின்னால் போகவில்லை, அங்கேயே நின்றேன்.

மூத்தார் டி.வி. பக்கம் திரும்பினார். ராசேந்திரனும் பாஸ்கரும் ஒரே ஆளை வைத்து, மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டவர்கள் இவர்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை. மூத்தார் சாக்கை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். “அவன் எதுக்கு எல்லார்கிட்டயும் போயிப் பேசுறான்?” என்று கேட்டார். “பேசாட்டி அடுத்த ஊருக்கு வழி தெறக்காதுங்க” என்றான் பாஸ்கர். பையன் ஒரு இருட்டுக் குகைக்குள் இறங்கினான். ஊருக்குத் திரும்ப அவர் ஏற வேண்டிய பெரம்பலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை மூத்தார் அசையவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாப்பாவிடம் இல்லை, என்னிடம் சொன்னார்: “அவன் அந்தக் குகையிலேருந்து வெளிய வந்தானான்னு, அடுத்த தடவை நான் வரும்போது நீ சொல்லணும்.”

சாக்கை அவர் எடுத்துப் போகவில்லை, ஆட வருகிறவர்கள் இப்போது அதில்தான் உட்காருகிறார்கள்; கதை கேம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், வாயைத் திறக்காமல் அடுத்த ஊருக்குப் போக முடியாத கேம் என்பேன், ஆனால் நான் அதை ஒருநாளும் ஆடியதே இல்லை என்றுதான் கடையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.