அக்கா சொன்ன பொய்

செய்தி வந்தபோது காலை பதினோரு மணி. ஒரு வகுப்பை முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் டிரைவர் போனில் கூப்பிட்டார்.

"சார், உங்க அக்கா வீட்டுக்குள்ள யாரோ வயசான அம்மா கூப்பிடுற மாதிரி சத்தம் கேக்குது. காலையிலேருந்து டிவின்னுதான் நினைச்சேன். இப்ப கதவைத் தட்டினா அக்கா திறக்கல. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"அது அவங்க மாமியார்."

"அவங்களைத்தான் ஹோம்ல விட்டாச்சே சார்?"

"இல்லைங்க. உள்ளதான் இருக்காங்க. கதவை உடைங்க."

"இரும்புக் கதவு சார். ஆள் கூட்டிட்டு வரணும்."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

அக்கா ஒரு தையல் ஆலையில் செக்கர். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தையல் பிசகியிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்கும் வேலை. அவள் மாமியார், எங்களுக்கு அத்தை, படுத்த படுக்கையான பிறகு, சட்டைக் கட்டுகளை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டாள். மேல்பக்கம் பளிச்சென்று இருக்கும் சட்டையை அவள் நம்பவே மாட்டாள். அந்தப் பழக்கத்தைத் தன்மீதே காட்டத் தொடங்கியதுதான் வினையாயிற்று.

அத்தான் வேறொருத்தியோடு போனபோது தன் அம்மாவை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். புருஷன் கைவிட்ட பிறகும் மாமியாரைத் தாங்கும் மகள் என்று புகழ்ந்தார். சபை கைதட்டியது. வீட்டுக்கு வந்தால் அத்தை தயாராக இருந்தாள்.

"கைதட்டுனாங்களாமே! சொர்க்கத்துக்கு ஏற என் முதுகுதான் உனக்கு ஏணியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

"டேய் லெக்சரரு," என்று எனக்குப் போன் செய்தாள். "நரகம் இல்ல, சபை இல்ல, யாருமே பாக்கலன்னு வச்சுக்க. அப்ப நான் இந்தக் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளுவேனா?"

"இப்ப அள்ளத்தானே செய்யுற?"

"அது பதில் இல்லடா. ஆண்டவர் மேல அன்பா, அடி விழும்ங்கிற பயமா, இல்ல நல்ல பேரா? என்னைத் திருப்பிப் பாத்தா உள்ள எது இருக்குன்னு எனக்கே தெரியல."

போதகரிடமும் கேட்டாள். ஆராயாமல் நன்மை செய்துகொண்டே இருங்கள் என்றார் அவர். சட்டையைத் திருப்பாமலே அனுப்பு என்று சொன்னதுபோல இருந்தது அவளுக்கு.

தூக்கம் கெட்டது. கன்னம் ஒட்டிப்போனது. கடைசியில் அவள் ஒரு பொய் சொன்னாள். அத்தையைத் தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டதாகச் சபை முழுக்கப் பரப்பினாள். அத்தையின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றி, ஜன்னலுக்குத் திரை போட்டாள். புகழ்ந்த வாய்கள் திரும்பின. ஆராதனையில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் வருவதை நிறுத்தினார்கள்.

"பொய் சொல்றது மட்டும் பாவமில்லையா அக்கா?"

"பாவந்தான். அதுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

அத்தைக்கு இந்த நாடகம் பிடித்துப்போயிற்று. நான் போனபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்த ஹோம்ல காப்பி பரவாயில்லப்பா. நர்சுக்குத்தான் வாய் நீளம்."

அக்கா சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து, "நீயும் கொஞ்ச நாள் வராதே," என்றாள். "உனக்குத் தெரியும்ல. நீ பாக்குறப்ப என் கை இன்னும் பதமா வேலை செய்யுது. அது எனக்குப் பயமா இருக்கு."

இது பைத்தியக்காரத்தனம் என்றேன். உனக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்றும் கேட்டேன். "ஆண்டவர் இருக்கார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் போய் இறங்கியபோது வெல்டிங்காரர் கதவை அறுத்துக்கொண்டிருந்தார். வாசலில் தெருவே நின்றது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் கம்மிப்போய் வந்தது. அக்காவின் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்திலிருந்த சபைப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அக்கா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை மெத்தைமேல் சாய்ந்திருந்தது. தொட்டபோது சில்லென்றிருந்தது. டாக்டர் வந்து இருதயம் என்றார். காலையிலேயே நின்றிருக்கும் என்றார்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கேலி எல்லாம் வடிந்திருந்தது அவளிடம்.

"காலையில கேட்டேன்பா. 'யாரும்தான் பாக்கலியே, யாருக்கும்தான் தெரியலியே, இன்னும் எதுக்குடி எனக்கு இதெல்லாம் செய்யுற?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நகம் வளந்திருக்கு அத்தே, கையைக் குடுங்க'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. வெட்டிக்கிட்டே இருந்தவ அப்படியே சாஞ்சா. அசதியாக்கும்னு கொஞ்ச நேரம் எழுப்பாம விட்டுட்டேன்."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அத்தையின் இடது கை அதைப் பிடித்திருந்தது. ஐந்து விரல் நகமும் ஒட்ட வெட்டி, ஓரம் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. வலது கை போர்வைமேல் கிடந்தது. அதில் கட்டைவிரலில் மட்டும் பாதி நகம் வெட்டியிருந்தது.