கஞ்சியில் போடாத உப்பு

அம்மாவின் முன்கை உப்புக் கரிக்கும். மத்தியானம் உப்பளத்து வேலை முடிந்து வந்து வாசலில் அவள் கால் கழுவும்போதே ஓடிப்போய் அந்தக் கையில் நாக்கை வைத்துவிடுவேன்; வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்த உப்பு முதலில் சுரீரென்று கரித்து, கடைசியில் லேசாகக் கசக்கும். "நாயாடி நீ?" என்று தள்ளிவிடுவாள். பதினொரு வயதுப் பெண் செய்கிற காரியமில்லைதான். ஆனால் மரக்காணத்தில் பிறந்த எனக்கு உப்பு என்பது கடையில் வாங்குகிற பொருளல்ல, அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒன்று.

சுனாமிக்கு அடுத்த கோடை அது. கடல் உள்ளே புகுந்து பாத்திகளையெல்லாம் சேறும் மணலுமாக ஆக்கிவிட்டுப் போனதால், தை மாசம் தொடங்க வேண்டிய வேலை அம்மாவின் அளத்தில் சித்திரை வரை தொடங்கவில்லை. அத்தனை மாசம் வீட்டு நிழலில் இருந்தவள் நேராகக் கத்திரி வெயிலில் போய் இறங்கினாள். அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையில் கஞ்சி கரைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுப்பது என் பொறுப்பு.

அளத்துக்குப் போகிறவர்களின் கஞ்சியில் உப்பைக் குறைத்துப் போடுவது எங்கள் தெரு வழக்கம். அம்மாவோடு சேர்ந்து உப்புக் கூடை சுமந்த பக்கத்து வீட்டு லூர்து அத்தை இதை எனக்கு ஒரு பாடமாகவே நடத்தினாள்: "தோ பாரு, அளத்துல நிக்கிறவ ஒடம்பு ஊறுகா மாதிரி. கால் வழியாவே உப்பு ஏறிடும். கஞ்சியில வேற அள்ளிப் போட்டின்னா ஒங்கம்மா தாங்கமாட்டா." அந்த வருஷம்தான் தெருமுனை வீட்டுக்காரர் ஒருவர் கைகால் வீங்கிச் செத்திருந்தார்; "உப்பு ஏறிடுச்சு" என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அம்மா படுத்திருக்கும்போது அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். வெளுத்து, பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் உப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தெருவே உப்பைக் குறைத்தது; நானோ ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பெருமை வேறு.

வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அந்தச் சப்பென்ற கஞ்சியை அவள் எப்படித்தான் குடித்தாளோ, தூக்கு தினமும் காலியாகவே திரும்பி வந்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

உப்பை நிறுத்திய ஐந்தாம் நாள் முற்பகலில் அளத்திலிருந்தே அம்மாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டு கல்லாக நின்றது. கைவிரல்கள் மடங்கிக்கொண்டு நிமிரவில்லை. என்னைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டாள். மறு நிமிஷமே அடையாளம் தெரிந்துகொண்டு என் பேரைச் சொன்னாள் என்றாலும், எனக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது.

அங்கே இருந்த வயதான நர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர், விசாரித்தார். "தண்ணி குடிச்சாங்களா?"

"கொடம் கொடமா குடிச்சா சிஸ்டர். அப்பவும் தாகம் தாகம்னே சொல்லிக்கினு இருந்தா" என்றாள் லூர்து அத்தை.

"சாப்பாட்டுல உப்பு? சரியாச் சொல்லும்மா, அத வெச்சித்தான் டாக்டரு மருந்து பாக்கணும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "போட்டுதாங்க இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. ஐந்து நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வலியோடு பொய் சொல்கிறாள். "நான் போடல சிஸ்டர்... ஒரு கல்லுகூடப் போடல" என்று கத்திவிட்டேன்.

சிஸ்டர் டாக்டரிடம் ஓடினார். சலைன் பாட்டில் ஏற்றினார்கள். கல்லாக இருந்த சதை மெல்லத் தளர்ந்து, பொழுது சாயும்போது அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் அழுதுகொண்டே நின்றேன். சிஸ்டர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அழுவுறியே, கண்ணீர் வாயில படுதா? எப்பிடி இருக்குது?"

"கரிக்குது."

"அது எங்கேர்ந்து வந்துச்சு? அளத்துலேர்ந்தா?"

பதிலையும் அவரே சொன்னார். உப்பு கால் வழியாக ஏறாதாம், தோல் விடாதாம். வேர்வையில் வெளியேதான் போகுமாம். உப்பும் போய், அதன்மேல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகுமாம். "இத்தினி மாசம் நெழல்ல இருந்த ஒடம்பு. பத்துப் பதினஞ்சு நாள் கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல வுட்டா, வேர்வையில உப்ப ரொம்ப வுடாம உள்ளயே புடிச்சி வெச்சிக்க அதுவே கத்துக்கும்."

மலை மலையாக உப்பைக் குவித்த மனுஷி, ஒரு கை உப்பில்லாமல் சாகப் பார்த்திருக்கிறாள்! அதைவிட, யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பு தானாகவே சிக்கனம் கற்றுக்கொள்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ஆகவே சோதித்துப் பார்த்தேன். அம்மா மறுபடி வேலைக்குப் போய், முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் அரை நாள் என்று பழகிய அந்த நாட்களில், சாயங்காலம் அடுப்படியில் அவள் வேர்த்து நிற்கும்போதெல்லாம் நெற்றியில் நாக்கை வைத்தேன். கையில் இருப்பது அளத்து உப்பு, நெற்றியில் இருப்பது அவளுடைய உப்பு என்பது என் கணக்கு. இரண்டாம் வாரக் கடைசியில் கரிப்பு குறைந்திருந்தது. சத்தியமாகக் குறைந்திருந்தது. "அய்யோ, கத்துக்கிச்சும்மா!" என்று நான் குதித்ததில் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

இப்போது நான் புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். யார் யாருடைய உப்பையோ தினமும் அளக்கிறேன். அந்த ஆச்சரியம் இன்னும் விட்டபாடில்லை. லூர்து அத்தை இப்போது உயிரோடு இல்லை. முட்டிவலி வந்து அம்மா அளத்தை விட்டு என்னோடு வந்துவிட்டாள். அவள் முன்கையில் இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது. போன மாசம் டாக்டர், பிரஷர் ஏறியிருக்கிறது, அம்மாவுக்கு உப்பைக் குறையுங்கள் என்றார். படித்தவள், அளப்பவள், எல்லாம் தெரிந்தவள்தான். ஆனாலும் கஞ்சிக்கு முன்னால் உப்பு டப்பாவோடு நிற்கும்போது கை நகரமாட்டேன் என்கிறது.

இன்று காலை அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கொறைச்சுப் போடு, பரவால்ல. அப்பவே குடிச்சேன்ல."