கிளெனின் நாய்

ஒரெஸ்ட் பிலிப்சுக் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கை முப்பது வருடம் நடத்தினார். கிடங்கை இடித்தார்கள். ரயில் வருவது நின்றது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், மனைவி இறந்தாள். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஊரில் மிஞ்சியது கூட்டுறவுக் கடையும் அங்கே காலையில் காப்பிக்குக் கூடும் நாலைந்து பேரும்தான். அவர் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஆறு மைல் கோதுமை வயல். வண்டி ஓட்டாதவர்கள் இங்கே இருக்க முடியாது.

ஜனவரியில் மகள் டார்லா ரெஜைனா நகரத்திலிருந்து வந்து தங்கினாள். அப்பா இனியும் வண்டி ஓட்டலாமா என்று பார்க்கத்தான் வந்தாள். கூடாதென்றால் நகரத்துக்குக் கூட்டிப் போய்விடுவாள். அவருக்கும் அது தெரியும்.

அந்தக் குளிரில் யாரும் வண்டியை அணைத்துவிட்டுக் கடைக்குள் போவதில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாது. சாவியோடு வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். பாதிக்குமேல் ஒரே மாதிரி வெள்ளை பிக்கப் வண்டிகள். நானே ஒருமுறை என்னுடையது என்று நினைத்துப் பாதிரியார் வண்டியில் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

ஒரெஸ்ட் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்தது. டார்லா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அடுத்த பண்ணைக்காரன் கிளென்.

"என்ன பெரியவரே, என் வண்டியக் கடத்திட்டீங்களே! பரவால்ல, உங்க வண்டில டீசல் ரொம்பி இருக்கு, எனக்கு லாபம். நாய மட்டும் பத்திரமா வச்சிருங்க."

டார்லா சிரித்துவிட்டாள். "இதுக்கெல்லாம் உங்கள இழுத்துட்டுப் போக மாட்டேன்பா. யாருக்குத்தான் நடக்கல?"

ஜன்னல் வழியே பார்த்தாள். முன்சீட்டில் பெரிய கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது.

"இத்தாம் பெரிய நாய். நீங்க பாக்கலியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் பாலை மேசைமேல் வைத்தார்.

"பாத்தேன். வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன்."

"யார் நாய்னு நெனச்சீங்க?"

"நம்ம புர்கோன்னு."

புர்கோ செத்து மூன்று வருடமாகிறது. கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தது அவர்தான்.

அவர் வெளியே போய் வண்டியை அணைத்தார். எஞ்சின் உறையாமலிருக்க மின்கம்பியைச் செருகினார். நாயை உள்ளே கூட்டி வந்து, சாவியை மகள் கையில் வைத்தார்.

"இது கிளெனோட சாவிப்பா."

"தெரியும். என்னுது அவன்கிட்ட இருக்கு. அவனே வச்சிக்கட்டும்."