சூட்டில் தொய்யும் கம்பி

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை நான். மேடை அலங்கார வேலைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் மேடைக்குப் பின்பக்கம்தான் எனக்குப் பழக்கம். துணி கட்டுவேன், ஆணி அடிப்பேன், ஆட்கள் வர ஆரம்பித்ததும் பின்வழியாக இறங்கிவிடுவேன். அப்படிப்பட்ட நான், என் மகளைப் பேசி முடிக்க வந்தவர்கள் நிறைந்திருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், "வேணாங்க, நானே செய்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

பேச்சு, நிச்சயதார்த்த மேடையில் வைக்கும் பெயர்களைப் பற்றியது. மகள் சார்ட் பேப்பரில் தன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் தன் கையெழுத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தாள். அப்படியே தெர்மாகோலில் வேண்டும் என்பது அவள் ஆசை. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை வாங்கிப் பார்த்தார்.

"இந்த வளைவெல்லாம் தெர்மாகோல்ல வராது சம்பந்தி. கீழ்பென்னாத்தூர்ல நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். போட்டோவோட பேனர் அடிச்சிடலாம், விடுங்க."

மகள் பேப்பரைத் திரும்ப வாங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள். அவள் சுருட்டியதைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது.

அவர்கள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். தாய்மாமன் சொன்னது பொய்யில்லை. நாங்கள் ஹேக்சா பிளேடால்தான் தெர்மாகோல் அறுப்போம். நேராக அறுத்தால் வரும். வளைத்தால் உதிரும், ஓரமெல்லாம் எலி கரண்டிய மாதிரி ஆகிவிடும். போன் வீடியோ ஒன்றில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சூடான கம்பியால் சத்தமே இல்லாமல் வெட்டுவதைப் பார்த்திருந்தேன். அவர் பேசியது புரியவில்லை. அஞ்சாங்கிளாசோடு நின்றவனுக்கு எப்படிப் புரியும்? ஆனால் கை என்ன செய்கிறது என்பது தெரிந்தது.

தெருமுனையில் மிக்சி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் செய்யும் பாயிடம் போய் ஹீட்டர் காயில் கேட்டேன்.

"காயில் தர்றேன். கரண்ட்டு எப்படி குடுப்பே?"

"ரெண்டு முனையிலயும் ஒயரை மாட்டி பிளக்குல சொருவிடலாம்னு..."

"சொருவு. தெர்மாகோல் அறுபடுதோ இல்லியோ, பொண்ணு நிச்சயத்துல நீ மாலை போட்ட போட்டோவாத்தான் இருப்பே."

திட்டிக்கொண்டே பழைய பேட்டரி சார்ஜரிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துத் துடைத்தார். கரண்டைக் கம்மி பண்ணித்தான் அனுப்பும், கம்பி சூடாகும், ஆளை அடிக்காது என்றார். அவரே ஒயர் மாட்டி, சுவிட்சும் வைத்துக் கொடுத்தார்.

ஒரு பிளைவுட் பலகையில் துளை போட்டேன். பலகையின் ஓரத்தில் மரச்சட்டத்தை நட்டு, அதன் தலையிலிருந்து துளைக்கு நேர் மேலே வருகிற மாதிரி இன்னொரு சட்டத்தை நீட்டினேன். காயிலைப் பிரித்து நீவி, மேலிருந்து துளை வழியாக இறக்கிக் கீழே ஆணியில் இறுக்கிக் கட்டினேன். விரலால் சுண்டினால் ரீங்கென்றது. பலகையில் தெர்மாகோலை வைத்துத் தள்ளினால் நிற்கிற கம்பி வெட்ட வேண்டும்.

சுவிட்சைப் போட்டேன். வெட்டியது. முதல் எழுத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் ஒரு வடிவம், பின்பக்கம் ஒரு வடிவம், நடுவில் தொந்தி. இன்னும் இறுக்கிக் கட்டினேன். மறுபடியும் தொந்தி. இறுக்கி இறுக்கிக் கடைசியில் கம்பி அறுந்துபோய் மறுபடியும் பாய் கடைக்கு ஓடினேன்.

"சூடானா எந்தக் கம்பியும் நீளும்பா. வெயில் காலத்துல லைன் கம்பி தொங்கறத நீ பாத்ததில்ல?"

தினமும் அதன் கீழேதான் நடக்கிறேன். அன்றுதான் அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து பழைய சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கம்பியின் கீழ்முனையில் மாட்டினேன். கம்பி நீள நீள ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அப்படியும் தொந்தி முழுதாகப் போகவில்லை. தெர்மாகோல் உருகும் நாற்றம் தாங்காமல் என் மனைவி என்னை மொட்டைமாடிக்கு விரட்டியிருந்தாள். மலைப்பக்கத்துக் காற்று கம்பியைக் குளிர வைத்து, தெர்மாகோல் பாதியில் சிக்கியது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கம்பிக்கு எட்டத்தில் மூன்று பக்கம் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். துணி உலர்த்த வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அதுதான் தானா போவுதில்ல? நின்ன பஸ்ஸைத் தள்ற மாதிரி ஏன் அத இந்தத் தள்ளு தள்றீங்க?"

குற்றம் கம்பியில் இல்லை, கையில் இருந்தது. கம்பி உருக்கி வழிவிடும் முன்பே நான் தள்ளினேன். அது பின்னால் வளைந்தது. பயந்து நிறுத்தினால் நின்ற இடத்தில் குழி விழுந்தது. அவசரமும் கூடாது, நிற்கவும் கூடாது. எனக்கோ மனசு முழுக்கத் தாய்மாமன் கையில் அந்தப் பேப்பர். மூச்சை மெதுவாக விட்டு, மூச்சு போகிற வேகத்தில் தள்ளிப் பார்த்தேன். ஓரம் வழவழவென்று வந்தது.

பிறகு சுழிகள். அந்த வெளிநாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை தெரியாது. நம் எழுத்தில் எங்கே பார்த்தாலும் மூடின சுழி. ஒவ்வொன்றுக்கும் சுவிட்சை அணைத்து, கம்பியை அவிழ்த்து, கோணி ஊசியால் போட்ட ஓட்டையில் நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். பதற்றத்தில் அணைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டேன். மகள் பெயரில் சுழி ஜாஸ்தி. வைத்தவனே நான்தான், யாரைத் திட்டுவது?

ஒருவழியாக முடித்து நிமிர்ந்தால் கொண்டுபோகிற கவலை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே கடை. பௌர்ணமிக் கூட்டத்தை விட்டுவிட்டு அவர்களால் விசேஷம் வைக்க முடியாது, அதனால் நிச்சயத்தை மறுநாள் சாயங்காலம் அங்கேயே ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையிலும் கூட்டம் ஓயவில்லை, வண்டிகளை விடவில்லை. பெண்கள் சாயங்காலம் வேனில் வரலாம். பெயர் அதற்கு முன்பே மேடையில் இருக்க வேண்டும்.

இரண்டு பெயர்களையும் இரண்டு சட்டங்களில் ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டி, தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு செங்கம் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினேன். படுக்கப் போட்டால் இடிபட்டு உடையும். நிமிர்த்தினால் ஊரே படிக்கும்.

படித்தார்கள். "இன்னாபா, எந்தக் கட்சி?" என்றான் ஒருவன். "புதுசா ஆசிரமம் திறக்கறாங்க போல" என்றது இன்னொரு குரல். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். காற்றில் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேகம் கூடாது என்பது மாடியிலேயே கற்றுக்கொண்ட பாடம். நடையைக் குறைத்தேன். அதனால் பக்கத்தில் வந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை.

"யார் பேரு சாமி இது?"

"என் பொண்ணு பேருங்க. கீழ இருக்கறது மாப்பிள்ளை பேரு. இன்னிக்கு நிச்சயம்."

அந்த அம்மா முன்னால் போனவர்களைப் பார்த்து, "ஏம்பா, வழி விடுங்க, கல்யாணப் பேரு போவுது" என்று கத்தினார். அதற்குப் பிறகு ஒருத்தரும் இடிக்கவில்லை.

தாய்மாமன் மண்டப வாசலில் நின்றிருந்தார். அக்குளில் சுருட்டிய பேனர். எதற்கும் இருக்கட்டும் என்று அடித்துவிட்டிருக்கிறார். எழுத்துகளைப் பார்த்தார். ஒரு சுழிக்குள் விரலை விட்டு ஓரத்தைத் தடவினார்.

"பிளேடு பட்ட அடையாளமே இல்லியே?"

"கம்பிங்க" என்றேன்.

அவர் பேனரைப் பிரித்து மேடைத் தரையில் கவிழ்த்துப் போட்டார். "இதுமேல வெச்சு வேலை செய்ங்க சம்பந்தி. கோந்து தரையில ஒட்டினா போவாது."

சாயங்காலம் தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் யாரோ பெரிய ஃபேனை மேடைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மகள் பெயரின் கடைசி எழுத்து ஆட ஆரம்பித்தது.

"ஃபேனைத் திருப்புங்க!"

கத்தியது நான்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் ஓடிப்போய் ஃபேனைத் திருப்பினார். மேடையில் மகள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கால் பழக்கத்தில் பின்வழியைத் தேடியது. ஆனால் அங்கே போனால் அந்த எழுத்து கண்ணில் படாது. முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.