ஒரு மிடறு தண்ணீருக்குக் காவல் இருந்தவர்

உப்பூர்க் கடைத்தெருவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் ஸ்கேன் நிலையம் வைத்திருந்த டாக்டர் செல்வநாயகி அம்மையார் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர் சொன்னார். போன் போட்டுக் கேட்ட பிறகும் நம்ப மனம் வரவில்லை. இந்தத் தொண்டைக்கு இனி யார் காவல் என்ற பயம்தான் முதலில் வந்தது.

பக்கவாதத்தில் விழுந்து கை கால் தேறிய பிறகும், தண்ணீர் குடித்தால் எனக்குப் புரையேறும். மூச்சு நின்று கண் இருளும். "ஒங்கள யாரோ நெனைக்கிறாக" என்று மனைவி தலையில் தட்டுவாள். நுரையீரலில் சளி கட்டி அடிக்கடி காய்ச்சல் வேறு. பார்த்த டாக்டர்கள் மனப்பயம் என்றார்கள். அந்தச் சொல்லை நான் இன்றும் மன்னிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் தானாக எழுத்துக்கூட்டிப் படித்தவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

செல்வநாயகி அம்மையார் கேட்டார். வெள்ளை மருந்தை ஸ்பூனில் கொடுத்து, நான் விழுங்குவதை எக்ஸ்ரேயில் படமாக ஓடவிட்டார். கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மருந்து போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டியது. குறை எதுவும் இல்லை.

"அப்ப நான் பொய் சொல்றேனா தாயி?"

"கோவப்படாதீங்க அய்யா. நாம காட்டுனதத்தான கம்ப்யூட்டர் பாக்கும்? வீட்டுல எப்படிக் குடிப்பீங்களோ, அப்படியே குடிங்க."

டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். திரையில் வெள்ளைக் கோடு பிரிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"தாடையத் தாழ்த்தி, வாய் வச்சுக் குடிங்க."

"எச்சி பண்ணிக் குடிக்க மாட்டேன்."

"ஒங்க டம்ளர வேற யாரு தொடப்போறா? பிடிவாதம் போறதுக்குன்னு தொண்டையில தனி வழி கெடையாது அய்யா!"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. குடித்து மட்டும் பார்த்தேன். கோடு நேராக இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மிடறையும் பயந்துகொண்டேதான் விழுங்குகிறேன். ஆனாலும் உயிரோடு இருக்கிறேன்.

சாவு வீட்டில் வாய்க்கரிசிக்கு வரிசையில் நின்றேன். "ஒறவுக்காரங்க மட்டும் போடுங்க" என்றார் ஒருவர். நான் நகரவில்லை. "அய்யா போடட்டும், விடுங்க" என்றார் அம்மையாரின் தம்பி.

அம்மையாரின் தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்து, தாடை தாழ்ந்த பிறகே உதட்டில் அரிசியை வைத்தேன்.

"மெதுவா தாயி, மெதுவா" என்றேன்.