வேலிக்கு வெளியே இரண்டு இரவு

கடற்கழியைக் கடக்கும் படகில் கார்களை நிறுத்துவது மக்னாரின் வேலை. இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் ஆள் கதவைத் திறந்து இறங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண் இடமும் வீணாகக் கூடாது. இத்தனை வருடங்களில் அவர் கைகாட்டிய இடத்தில் நின்ற கார் எதுவும் இன்னொன்றை உரசியதில்லை. மனிதர்களையும் அவர் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தார். அந்த ஊர்ப்பக்கம் இதை ஒரு குறையாக யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதை என்பார்கள்.

அண்ணன் ஹோக்கனோடு அவருக்குச் சண்டை கிடையாது. இருந்திருந்தால் நன்றாயிருக்கும், சண்டை என்றால் சமாதானம் என்று ஒரு மறுபாதி உண்டு. நடந்தது வேறு. அப்பாவை அடக்கம் செய்த சாயங்காலம், வடக்கே நாம்டால் பள்ளத்தாக்கில் உள்ள பிறந்த வீட்டு வாசலில் இருவரும் நின்றார்கள். ‘இரு’ என்று அண்ணன் சொல்வார் எனத் தம்பி காத்திருந்தார். ‘இருக்கட்டுமா’ என்று தம்பி கேட்பார் என அண்ணன் காத்திருந்தார். சொன்னால் வற்புறுத்தல், கேட்டால் தொந்தரவு. ஆகவே வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மக்னார் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனதில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வருடம் தவறாமல் போகும், வரும். இரண்டிலும் ஒரே வாசகம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகள் போர்கில் ஃபோனில் அழைத்தாள். ஹோக்கனுக்கு அடுத்த பண்ணை அவளுடையது.

“நுரையீரலாம்டா. டாக்டர் அடுத்த பனிக்காலத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலையாம். இவனும் கேக்கலையாம்.”

“அவன் கேக்க மாட்டான்க்கா” என்றார் மக்னார். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

ஃபோனை வைத்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து சாலை வரைபடத்தை எடுத்து விரித்தார். சுருண்டுகொண்ட ஒரு மூலையில் காப்பிக் குவளையையும் இன்னொன்றில் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் வைத்தார். பிறகு மனைவி தூரியிடம், இந்த ஜூலை விடுமுறைக்கு லோஃபோத்தன் தீவுகளுக்குக் காரில் போகலாமா, கூடாரம் எடுத்துக்கொண்டு, என்று கேட்டார்.

ஒரு வீட்டுக்குப் போக அழைப்பு வேண்டும். அந்த வழியாகக் கடந்து போவதற்கு அழைப்பு வேண்டாம். ஒரு நாள் ஓட்டத்தில் இருக்கும் அண்ணனைப் பார்ப்பதற்காக, அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் கடலுக்குள் கிடக்கும் தீவுகளை அவர் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அந்த நாட்டுச் சட்டமும் துணைக்கு வந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி, வேலிக்கு வெளியே, யாருடைய நிலமானாலும் இரண்டு இரவு கூடாரம் அடிக்கலாம். ஒருவரையும் கேட்க வேண்டாம். மூன்றாவது இரவுக்குத்தான் கேட்க வேண்டும். ஹோக்கன் வீட்டுக் கல்வேலிக்கு அப்பால், ஆற்றங்கரைப் பைன் மரங்களுக்குக் கீழே ஓர் இடத்தை மக்னார் பென்சிலால் வட்டமிட்டார். அங்கே கூடாரம் நின்றால் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். தெரிந்தால் ஹோக்கன் இறங்கி வருவார். வந்தால் காப்பி கொடுக்கலாம். இதுதான் திட்டம். மற்றதெல்லாம் பயணம்.

தூரி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருப்பவள். பயத்தில் இருக்கும் ஆட்களை வாய் திறக்க வைத்துப் பழகியவள்.

“நாம லோஃபோத்தன் போறோமா, ஹோக்கன் வீட்டுக்குப் போறோமா?”

“லோஃபோத்தன்.”

“அங்க எங்க தங்கறோம்?”

“பாத்துக்கலாம்.”

“லோஃபோத்தனைப் பாத்துக்கலாம். ஹோக்கன் வேலியில எந்த மரம்னு மட்டும் முடிவாயிடுச்சு.”

மக்னார் எழுந்தார். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

மார்ச் முழுக்க வீடு கூடாரத்தின் ஈர வாடையில் கிடந்தது. சோஃபாவை நகர்த்தி வரவேற்பறையில் அதை அடித்துப் பார்த்தார். தையல்களில் மெழுகு தேய்த்தார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அணைத்தார். தகரத்தில் அடைத்த மீன் உருண்டை, உலர்ந்த தொத்திறைச்சி, ஹோக்கனுக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டி என்று பெட்டியில் சேர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் தூரி கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஈஸ்டருக்கு லீவு இருக்கில்ல. போயிட்டு வந்துரலாமே.”

“பனியில கூடாரம் எப்படி அடிக்கறது?”

“கூடாரம் எதுக்கு? கதவைத் தட்டு.”

“ஈஸ்டர்ல போனா, அவனைப் பாக்கப் போன மாதிரி ஆயிடும்.”

“பாக்கத்தானப்பா போறோம்.”

“உடம்பு சரியில்லேன்னு தெரிஞ்சு வந்திருக்கான்னு நெனைப்பான். ஜூலைன்னா அப்படியில்ல. ஜூலைல எல்லாரும்தான் ஊர் சுத்தறாங்க.”

“ஜூலை வரைக்கும் இருக்கணுமே மக்னார்.”

அவர் கூடாரத்தின் கூரைத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒழுக்கு எதுவும் இல்லை.

ஈஸ்டர் முடிந்து போர்கில் மறுபடி அழைத்தாள். “ஜூலைல வர்றோம்னு நீ சொன்னியே, அதை அவன்கிட்ட சொல்லிட்டேன். கோவிச்சுக்காத. என் வாய் நிக்காதுன்னு உனக்குத் தெரியும்.”

மக்னாருக்குக் காது சூடாயிற்று. “என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. கூடாரமான்னு கேட்டான். ஆமான்னேன். ‘வழியிலதானே இருக்கு’ன்னான்.”

அன்று மக்னார் கொஞ்சம் சீட்டியடித்தார். அண்ணன் தன் வாயால் ‘வழியில்தானே’ என்று சொல்லிவிட்டார். ஹோக்கனிடமிருந்து அதற்கு மேல் ஓர் அழைப்பு பிறக்க முடியாது. மே மாதமே காரின் கூரைமேல் பெட்டியை ஏற்றிப் பூட்டினார். அதோடுதான் தினமும் வேலைக்குப் போய் வந்தார். படகுக்காரர்கள், “என்ன மக்னார், வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?” என்று கேட்டார்கள்.

ஜூன் நடுவில், ஒரு லாரிக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தபோது போர்கிலின் அழைப்பு வந்தது. ஹோக்கன் ஆஸ்பத்திரியில் காலையில் இறந்துவிட்டார். கூட யாரும் இல்லை. யாரையும் கூப்பிட வேண்டாம், எல்லாருக்கும் வேலை இருக்கும், என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். மக்னார் கேட்டு முடித்துவிட்டு லாரியை இன்னும் கொஞ்சம் முன்னால் வரச் சொன்னார். அது சரியான இடத்தில் நின்றது.

கூரைப் பெட்டியை இறக்க அவருக்குக் கை வரவில்லை. கறுப்புக் கோட்டும் தலைக்கு மேல் கூடாரமுமாக இருவரும் சாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்துக் கூடத்தில் காப்பியும் ரொட்டியும் முடிந்து, ஊர்க்காரர்கள் மழையைப் பற்றிப் பேசிக் கலைந்தார்கள். மக்னார் பிறந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினார். தூரியும் போர்கிலும் பின்னால் வந்தார்கள். கல்வேலியைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார்.

பைன் மரங்களுக்குக் கீழே, அவர் வட்டமிட்ட இடத்துக்குச் சற்றே இந்தப் பக்கம், ஒரு கூடாரம் அளவுக்கு நிலம் சமமாகக் கிடந்தது. வேர்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. பொறுக்கிய கற்களில் பாதி ஓரத்தில் குவிந்திருந்தன. மீதி வட்டமாக அடுக்கி அடுப்பாகியிருந்தன. பக்கத்தில் தார்ப்பாயின் கீழ் பிளந்த பிர்ச் மர விறகு.

“பனி உருகினதுமே ஆரம்பிச்சுட்டான்” என்றாள் போர்கில். “ஒரு கல்லைத் தூக்குவான், மூச்சு வாங்கும், அதுமேலயே உக்காருவான். வீட்டுலேருந்து கயிறு பிடிச்சு அளந்தான். ஏன்டா இந்தப் பாடுன்னேன். ‘கிட்டத்துல போட்டா அவன் என்னைக் கேக்க வேண்டியிருக்கும்’னான்.”

“வீட்டுல தங்கச் சொல்லலையா?” என்றாள் தூரி.

“சொல்லேன்டான்னேன். ‘கூடாரம் கொண்டு வர்றவனை உள்ள வான்னு இழுக்கறதா’ன்னான். சீக்கிரமா வரச்சொல்லி ஒரு ஃபோன் போடட்டுமான்னும் கேட்டேன். லீவு ஜூலைலதானே, அவன் திட்டத்தைக் கெடுக்காதேன்னுட்டான்.”

மக்னார் குனிந்து, அடுப்புக்கல் ஒன்றை நேராக்கினார். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

போர்கில் வீட்டுச் சாவியை நீட்டினாள். “உள்ள படுங்க. அவன் படுக்கையெல்லாம் மாத்தித் துவைச்சு வெச்சிருக்கேன்.”

சாவியைத் தூரி வாங்கிக்கொண்டாள். மக்னார் காரிலிருந்து கூடாரத்தை இறக்கினார். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் சட்டம் அந்தத் தூரத்தை விதித்திருந்தது. இப்போது வாசற்படியிலேயே அடித்திருந்தாலும் யாரும் கேட்க முடியாது. அவர் வேலிக்கு வெளியே, அண்ணன் சமன்செய்த இடத்தில்தான் அடித்தார்.

இரண்டு இரவு அங்கே இருந்தார்கள். சமையலறை ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. விறகு காய்ந்திருந்தது, ஒரு தீக்குச்சியில் பற்றியது. ஏலக்காய் ரொட்டியை மக்னார் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கூடாரத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

“இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமே” என்றாள் தூரி.

“யாரைக் கேக்கறது?” என்றார் மக்னார்.

முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கல்லே இல்லாத மண். எல்லாம் இழுத்ததும் வந்தன.